நன்மைகள் என்ற தலைப்பின் கீழ்

2022 ஏப்ரலில் ஒரு பாடப்புத்தகத்தின் ஒற்றைப் பக்கம் நாடு முழுவதும் கைபேசிகளில் சுற்றியது. செவிலியர் படிப்புக்கான சமூகவியல் பாடநூல் அது. வரதட்சணையின் நன்மைகள் என்று ஒரு தலைப்பு. அதன் கீழே வரிசையாகச் சில குறிப்புகள். புதுக் குடித்தனம் வைக்க வரதட்சணை உதவுகிறது. பெற்றோர் சொத்தில் பெண்ணுக்கும் ஏதோ ஒரு பங்கு போய்ச் சேருகிறது. வரதட்சணைச் சுமையைக் குறைக்கலாம் என்று பெற்றோர் பெண்களைப் படிக்கவைப்பதால் பெண்கல்வி பரவுகிறது. அழகில்லாத பெண்களுக்கும் கல்யாணம் நடந்துவிடுகிறது. அந்தப் பக்கம் சொன்னதன் சாரம் இதுதான்.

மாநிலங்களவை உறுப்பினர் பிரியங்கா சதுர்வேதி ஒன்றியக் கல்வி அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். இந்திய நர்சிங் கவுன்சில் அந்தப் பகுதியைக் கண்டித்தது. எந்த நூலாசிரியரையும் பதிப்பகத்தையும் தான் அங்கீகரிப்பதில்லை என்றும் விளக்கியது. பதிப்பகம் புத்தகத்தைத் திரும்பப் பெற்றது. சில நாட்களில் பேச்சு அடங்கிவிட்டது.

அந்தப் பக்கத்தைக் கிழித்தெறிந்தது சரி. ஆனால் அதை ஒரு தனிமனிதரின் பிற்போக்குத்தனமாக மட்டும் பார்த்து நாம் நகர்ந்துவிட்டோம். செவிலியர் கல்வியைச் சூழ்ந்திருக்கும் மற்ற பிரதிகளும் அதே வேலையைச் செய்கின்றன என்பது என் வாதம். பெண் மீதான ஒரு கட்டாயத்தை எடுத்து, அதை ‘நன்மை’ என்ற தலைப்பின் கீழ் எழுதிவைக்கும் வேலை அது. தொழிலின் பெயர், முதலாண்டில் எடுக்கும் உறுதிமொழி, சினிமா நர்ஸ், கடைசியில் சம்பளச் சீட்டு என்று எல்லாவற்றிலும் இந்தத் தலைப்பு மாற்றம் நடக்கிறது.

கிழித்த பக்கத்தில் இருந்த உண்மை

அந்தப் பக்கம் சுற்றிய நாட்களில் திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு தனியார் நர்சிங் கல்லூரியில் முதலாண்டு மாணவிகளுக்குச் சமூகவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். பொன்னேரி, கவரைப்பேட்டை, ஊத்துக்கோட்டை, ஆரம்பாக்கம் பக்கங்களிலிருந்து வரும் பெண்கள். சிலர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். பலருடைய அம்மாவோ அக்காவோ கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ திருப்பெரும்புதூர்ப் பக்கமோ வேலைக்குப் போகிறவர்கள். காலையில் ஜி.என்.டி. சாலையில் கம்பெனி பஸ்ஸும் காலேஜ் பஸ்ஸும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒரே வீட்டுப் பெண்கள் இரண்டு பஸ்களில் ஏறிப் போவார்கள்.

வகுப்பில் அந்தப் பக்கத்தைப் பற்றிப் பேச்சு வந்ததும் எல்லோரும் சிரித்தார்கள், திட்டினார்கள். ஒரு மாணவி மட்டும் எழுந்து சொன்னாள்: “மேடம், மூணாவது பாயின்ட் பொய் இல்ல. எங்கப்பா பீஸ் கட்டுறதே அப்படித்தான். நர்ஸுக்குப் படிச்சா வேலைக்குப் போற பொண்ணுன்னு நகை குறைச்சுக் கேப்பாங்களாம். நாலு வருஷ பீஸையும் பத்து சவரனையும் கூட்டிக் கழிச்சுப் பாத்துட்டுத்தான் சேத்தாங்க.”

வகுப்பு அமைதியானது. அவள் சொன்னது பல வீடுகளின் கணக்கு. அந்தக் குறிப்பில் உள்ள தகவல் இல்லாத ஒன்றல்ல. நம் ஊரில் நடப்பதுதான். பிழை தலைப்பில் இருக்கிறது. மகளின் படிப்புச் செலவை அவளுடைய கல்யாணச் செலவிலிருந்து கழிக்க வேண்டிய நிலைக்கு ஒரு குடும்பம் தள்ளப்படுகிறது என்றால், அது வரதட்சணை செய்யும் கொடுமைகளின் பட்டியலில் வர வேண்டும். கல்வி அங்கே அவளுக்கான உரிமையாக இல்லை, பேரத்தில் வைக்கும் ஒரு பொருளாக இருக்கிறது. பாடநூல் அதே தகவலை எடுத்து நன்மை என்று எழுதியது.

நர்சிங் மாணவிக்கு இது புரியாத விஷயமல்ல. நோயாளி குடித்த நீரின் அளவையும் வெளியேறிய சிறுநீரின் அளவையும் இரண்டு தனிக் கட்டங்களில் எழுத அவள் முதலாண்டிலேயே பழகுகிறாள். எண் சரியாக இருந்து கட்டம் மாறிப்போனாலும் சிகிச்சை தவறிவிடும்.

இந்தப் பாடநூல் மற்ற துறைகளின் பாடநூலைப் போன்றதும் அல்ல. வரதட்சணை தடைச் சட்டம் வந்தது 1961இல். கணவன் வீட்டாரின் கொடுமைக்கான 498ஏ பிரிவு 1983இலும், வரதட்சணை மரணத்துக்கான 304பி பிரிவு 1986இலும் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்ந்தன. அந்தச் சட்டங்களுக்குப் பின்னால் எரிந்துபோன பெண்கள் இருக்கிறார்கள். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவு வட மாவட்டங்களுக்கெல்லாம் தெரிந்த இடம். மாஜிஸ்திரேட் வந்து மரண வாக்குமூலம் பதிவு செய்வதற்கு முன்பே, அந்தப் பெண்ணின் பக்கத்தில் இருந்து அவள் முனகுவதைக் கேட்பவர் பெரும்பாலும் நர்ஸ்தான். ‘ஸ்டவ் வெடிச்சிருச்சு’ என்று உடன் வந்தவர்கள் சொல்லும்போது சந்தேகப்பட வேண்டியவரும் அவரே. வரதட்சணைக்கு நன்மைகள் உண்டு என்று தேர்வுக்கு மனப்பாடம் செய்தவர் அந்தக் கட்டிலருகே நின்றால் எதைக் கேட்பார், எதைக் காதில் வாங்காமல் விடுவார்?

இதற்கு நேரெதிரான ஒரு தலைப்பு மாற்றமும் அதே ஆண்டில் நம் மாநிலத்தில் நடந்தது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டம் 1989இல் தொடங்கியது. பெண் படித்திருந்தால் கல்யாணத்துக்குப் பணம். பிற்காலத்தில் தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. 2022 மார்ச் நிதிநிலை அறிக்கையில் அது உயர்கல்வி உறுதித் திட்டமாக மாறியது. அதே செப்டம்பரில் புதுமைப்பெண் என்ற பெயரில், அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரத் தொடங்கினார்கள். தொகை பெரிதல்ல. ஆனால் பணம் ‘கல்யாணம்’ என்ற கட்டத்திலிருந்து ‘கல்வி’ என்ற கட்டத்துக்கு நகர்ந்தது, அதுவும் பெண்ணின் சொந்த வங்கிக் கணக்குக்கு. என் மாணவிகளில் சிலருக்கு அதுதான் வாழ்க்கையில் முதல் முறையாகத் தங்கள் பெயரில் வந்த பணம்.

பெயர்

செவிலி என்பது அழகான பழந்தமிழ்ச் சொல். அகப்பாடல்களில் வரும் செவிலித்தாய் தலைவியை வளர்த்தவள், தோழியைப் பெற்றவள். தலைவி உடன்போக்கில் போய்விட்டால் அவளைத் தேடிப் பாலைவழியில் அலைபவளும் அவளே. அவளுக்கென்று ஒரு வீடோ ஆசையோ அந்தப் பாடல்களில் பெரிதாக இல்லை. அவளுடைய இருப்பு இன்னொருத்தியைப் பேணுவதில் முடிந்துவிடுகிறது. இலங்கைத் தமிழில் அரசாங்கச் சொல்லே தாதி. அந்தச் சொல்லுக்குப் பணிப்பெண் என்ற பொருளும் உண்டு. பேச்சில் நாம் சொல்வதோ ‘சிஸ்டர்’. கன்னியர் மடத்திலிருந்து வந்த சொல்.

வளர்ப்புத்தாய், பணிப்பெண், கன்னியாஸ்திரீ என்று மூன்று பெயர்களிலும் உறவு இருக்கிறது, பணிவு இருக்கிறது, துறவு இருக்கிறது. படிப்பும் உரிமமும் சம்பளமும் இல்லை. டாக்டரை யாரும் ‘அண்ணா’ என்று கூப்பிடுவதில்லை.

பெயரை மாற்றிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. பெயர் மறைக்கும் வரலாற்றை மாணவிக்குச் சொல்லித்தர வேண்டும். சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1871இல் செவிலியர் பயிற்சி தொடங்கியது. செவிலியர், மருத்துவச்சிகளைப் பதிவு செய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1926இல் வந்தது. 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலும் தில்லியிலும் இந்தியாவின் முதல் பி.எஸ்சி. நர்சிங் படிப்புகள் தொடங்கின. அதற்கு முன் நர்ஸ் என்பவர் வார்டில் வேலை செய்துகொண்டே கற்றுக்கொண்டவர்; படிப்பும் உழைப்பும் பிரிக்க முடியாதபடி கிடந்தன. 1946 அந்தப் பெண்ணைப் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுவந்தது. எங்கள் மாணவிகள் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் தேர்வெழுதி வாங்கும் பட்டத்துக்கு இத்தனை நீண்ட பின்னணி இருக்கிறது.

சாதியையும் இங்கே பேசியாக வேண்டும். இரத்தம், சீழ், மலம், பிரசவம் எல்லாம் தீட்டு என்று ஒதுக்கிய சமூகம் நம்முடையது. அந்தத் தீட்டைத் தொடும் வேலைக்கு ஆதிக்கச் சாதிக் குடும்பங்கள் தங்கள் பெண்களை நெடுங்காலம் அனுப்பவில்லை. கிறித்துவப் பெண்களும், ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களும், வேறு வழியற்ற விதவைகளும் வந்தார்கள். ‘புனிதமான சேவை’ என்ற பட்டம் அந்த இழிவைத் துடைத்துவிடவில்லை, மேலே ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்தியது. இன்றும் பெண் பார்க்க வருகிறவர்கள் ‘நைட் டூட்டி உண்டா?’ என்று கேட்கும் தொனியில் அந்தத் துணி விலகிக் காட்டுகிறது.

உறுதிமொழி

முதலாண்டு மாணவிகளுக்கு விளக்கேற்றும் விழா நடக்கும். வெள்ளைச் சீருடை, கையில் விளக்கு, முன்வரிசையில் பெற்றோர். மாணவிகள் சேர்ந்து நைட்டிங்கேல் உறுதிமொழியைச் சொல்வார்கள். பலருக்கும் அதை ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலே எழுதினார் என்ற எண்ணம். அவர் எழுதவில்லை. 1893இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் லிஸ்ட்ரா கிரெட்டர் தலைமையிலான குழு எழுதி, அவர் பெயரைச் சூட்டியது. தூய வாழ்க்கை வாழ்வேன் என்றும், மருத்துவருக்கு விசுவாசமாக அவர் பணியில் உதவுவேன் என்றும் அதில் மாணவி சொல்கிறாள். நோயாளியின் இரகசியம் காப்பது, தீங்கான மருந்தைத் தராதிருப்பது போன்ற நல்ல தொழில்நெறிகளும் அதில் உண்டு. அவற்றோடு தூய்மையும் விசுவாசமும் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன என்பதுதான் சிக்கல்.

மருத்துவர்களின் பழைய ஹிப்போகிரட்டிஸ் உறுதிமொழியிலும் தூய வாழ்க்கை பற்றிய பேச்சு உண்டு. ஆனால் மருத்துவ உலகம் தன் உறுதிமொழியைத் திருத்திக்கொண்டே வந்திருக்கிறது. உலக மருத்துவச் சங்கம் 1948இல் ஜெனீவா பிரகடனத்தை ஏற்றது. 2017இல் செய்த திருத்தத்தில் நோயாளியின் சுயநிர்ணய உரிமையைச் சேர்த்தது. மருத்துவர் தன் சொந்த உடல்நலத்தையும் பேண வேண்டும் என்பதையும் சேர்த்தது. எங்கள் மாணவி சொல்லும் உறுதிமொழியில் அவளுடைய உடம்பு அப்படி வருவதில்லை. அவளுடைய ஒழுக்கம் மட்டும் வருகிறது.

இதில் ஒரு முரண் எனக்கு மறக்காது. வரதட்சணைப் பக்கம் சர்ச்சையான அதே 2022 ஏப்ரலின் கடைசி நாளில் மதுரை மருத்துவக் கல்லூரியில் மாணவர்கள் சரகர் பெயரிலான உறுதிமொழியை எடுத்தார்கள். தமிழகமே கொந்தளித்தது. கல்லூரி முதல்வர் காத்திருப்போர் பட்டியலுக்கு மாற்றப்பட்டார். ஓர் உறுதிமொழி வெறும் சடங்கல்ல, அதற்குள் அரசியல் இருக்கிறது என்று கட்சிகளும் பத்திரிகைகளும் சரியாகவே சொன்னார்கள். அந்த அளவுகோலை நர்சிங் மாணவிகளின் உறுதிமொழிக்கு எடுத்துவர அன்று யாருக்கும் தோன்றவில்லை. டாக்டர் சொல்லும் சொல்லில் அரசியல் இருக்கிறது. நர்ஸ் சொல்லும் சொல் பக்திப்பாட்டு என்று நினைத்துவிட்டோம் போலும்.

நைட்டிங்கேலை நிராகரிக்க வேண்டியதும் இல்லை. விளக்கேந்திய சீமாட்டியை எடுத்துக்கொண்டு, புள்ளியியலாளரை விட்டுவிட்டோம். கிரிமியப் போரில் இறந்த பிரிட்டிஷ் வீரர்களின் மரணங்களை அவர் காரணவாரியாகப் பிரித்து 1858இல் வரைபடமாக்கினார். ‘போர்’ என்ற தலைப்பின் கீழ் போயிருந்த மரணங்களில் பெரும்பான்மை காயத்தால் அல்ல, சுகாதாரக் கேட்டால் பரவிய, தடுத்திருக்கக்கூடிய நோய்களால் நேர்ந்தவை என்று அந்தப் படம் காட்டியது. மரணத்தைச் சரியான தலைப்பின் கீழ் எழுதியதுதான் அவர் செய்த பெரிய கலகம். விழாவில் அந்த வரைபடத்தையும் மேடையில் மாட்டினால் மாணவி வேறொரு முன்னோடியைப் பார்ப்பாள்.

திரை

‘பாலும் பழமும்’ (1961) பார்க்காத அம்மாக்கள் குறைவு. பீம்சிங் இயக்கம். சரோஜா தேவி நர்ஸ் சாந்தி. சிவாஜி புற்றுநோய் ஆராய்ச்சி செய்யும் டாக்டர். கல்யாணம் ஆகிறது. அவளுக்குக் காசநோய் வருகிறது. கணவனின் ஆராய்ச்சிக்குத் தான் தடையாகக் கூடாது என்று வீட்டைவிட்டு வெளியேறுகிறாள். பின்னர் அவன் பார்வை இழந்திருக்கும்போது, தான் யாரென்று சொல்லாமல் நர்ஸாகத் திரும்பி வந்து பணிவிடை செய்கிறாள்.

அந்தக் கதையை நர்ஸின் தொழில் பக்கமிருந்து பார்த்தால் வினோதமாக இருக்கும். முதலில் நர்ஸ் மனைவியாகிறாள். பிறகு மனைவி நர்ஸாகிறாள். இரண்டு நிலைகளிலும் அவள் செய்வது ஒரே வேலை, ஓர் ஆணைப் பேணுவது. அவளுடைய சம்பளம் கதையை எங்கும் நகர்த்துவதில்லை. நோயாளியான அவளுக்குக் கிடைக்க வேண்டிய பராமரிப்பை அவளே மறுத்துக்கொள்வதைப் படம் தியாகம் என்ற தலைப்பில் வைத்து நம்மை அழவைக்கிறது. சரோஜா தேவியின் நடிப்பில் நானும் அழுதவள்தான். கண்ணீர் உண்மையானது என்பதால் தலைப்பு சரியாகிவிடாது.

அரை நூற்றாண்டு தாண்டி மலையாளத்தில் வந்த ‘டேக் ஆஃப்’ (2017) இதைத் திருப்பிப் போட்டது. 2014இல் ஈராக்கின் திக்ரித்தில் சிக்கி மீண்ட 46 இந்தியச் செவிலியரின் அனுபவத்தை ஒட்டிய படம். பார்வதி நடித்த சமீரா கடன் அடைக்கவே ஈராக் போகிறாள். இங்கே சம்பளம்தான் கதையின் எஞ்சின். அவள் கோபப்படுகிறாள், பேரம் பேசுகிறாள், பயப்படுகிறாள். ஆனாலும் நல்ல நர்ஸ். தேவதையாக இல்லாமலேயே ஒரு பெண் திறமையாகப் பராமரிக்க முடியும் என்று அந்தப் படம் காட்டுகிறது. அதன் பிற்பாதி தூதரக ஆண்களின் சாகசமாக மாறிப்போவது குறைதான். போர் நடக்கும் நாட்டுக்கு ஒரு நர்ஸ் ஏன் போக வேண்டியிருந்தது என்ற கேள்வி அந்த மீட்புப் பரபரப்பில் கரைந்துவிடுகிறது.

சம்பளச் சீட்டு

கேள்விக்குப் பதில் உள்ளூரிலேயே இருக்கிறது. தமிழக அரசு 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் மூலம் தேர்வு நடத்தி ஆயிரக்கணக்கான செவிலியரை ஒப்பந்த முறையில் எடுத்தது. தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு உட்கார்ந்தபோது கேட்டது பணி நிரந்தரமும் சம வேலைக்குச் சம ஊதியமும். நோயாளிகளை விட்டுவிட்டு வரலாமா என்பதே அன்று அவர்களை நோக்கி வந்த முதல் கேள்வி. 7,700 ரூபாயில் எப்படி வாழ்கிறீர்கள் என்பது முதல் கேள்வியாக இல்லை.

தனியார் மருத்துவமனைகளைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் ஒரு குழு அமைக்கச் சொன்னது. ஐம்பது படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையிலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம் வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. பரிந்துரை தானாகச் சட்டமாகிவிடாது. கேரளத்தில் 2011இல் உருவான ஐக்கிய நர்சுகள் சங்கம் தொடர்ந்து போராடி, 2018 ஏப்ரலில் குறைந்தபட்சம் 20,000 ரூபாய் என்ற அரசாணையைப் பெற்றது. அங்கேயும் அதே விளக்கு, அதே உறுதிமொழி. கூடவே சங்கமும் இருந்தது.

கொரோனாவின்போது நாம் பால்கனியில் நின்று கைதட்டினோம். அப்போது ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டவர்களில் 2,400க்கும் மேற்பட்ட செவிலியரின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31உடன் முடிக்கப்பட்டது. அவர்கள் போராடிய பிறகு, மாவட்ட அளவில் மாற்றுப் பணி தருவதாக அரசு சொன்னது. கைதட்டலுக்கு ‘சேவை’ என்ற தலைப்பு. வேலைநீக்கத்துக்கு ‘ஒப்பந்தக் காலம் முடிவு’ என்ற தலைப்பு. இரண்டுக்கும் உரியவர் ஒரே பெண்.

சேவை என்ற சொல்லை விட்டுவிடச் சொன்னால் மூத்த செவிலியர் பலர் வருத்தப்படுகிறார்கள். ‘மனசு இல்லாம இந்த வேலைய செய்ய முடியாதும்மா’ என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அவர் சொல்வது உண்மை. பரிவு இல்லாத நர்ஸ் ஆபத்தானவர். ஆனால் பரிவும் ஒரு திறன். படுக்கைப் புண் வராமல் இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைப்பது, முகம் பார்த்து வலியின் அளவைக் கணிப்பது, இறந்தவரின் மனைவியிடம் என்ன சொல்வது என்று தெரிந்திருப்பது எல்லாம் ஆண்டுக்கணக்கில் கற்றுத் தேர்ந்தவை. அவற்றைப் ‘பெண் சுபாவம்’ என்ற தலைப்பின் கீழ் எழுதினால் கூலி தர வேண்டியதில்லை. ‘திறன்’ என்று எழுதினால் தர வேண்டும். மனசு வேண்டும் என்பதற்காக மனசையே சம்பளமாகத் தந்துவிடக் கூடாது.

முதலுதவி அறை

எங்கள் பகுதியில் இந்தப் படிப்புக்கு இன்னொரு வேலைவாய்ப்பு உண்டு: கம்பெனி நர்ஸ். 500க்கு மேல் தொழிலாளர் உள்ள ஆலையில் மருத்துவ, செவிலியப் பணியாளரின் பொறுப்பில் ஒரு சிகிச்சை அறை இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 45ஆவது பிரிவில் விதித்திருந்தது. கும்மிடிப்பூண்டியிலிருந்து தேர்வாய் கண்டிகை வரை விரிந்து கிடக்கும் ஆலைகளில் இப்படி நர்ஸ்கள் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரியைவிட நேரம் ஒழுங்கு, வீட்டுக்குப் பக்கம், கம்பெனி பஸ் வரும் என்று பல பெண்கள் விரும்பிப் போகிறார்கள். அம்மா ஏறிய பஸ்ஸில் மகளும் ஏறுகிறாள், சட்டைப்பையில் பட்டத்தோடு.

அப்படிப் போன முன்னாள் மாணவி ஒருத்தி போனில் சொன்னாள்: “ரெஜிஸ்டர்ல காரணம்னு ஒரு கட்டம் இருக்கு மேடம். அதுல வேலை சம்பந்தமா எதுவும் எழுத வேணாம்னு சொல்லிட்டாங்க. மயங்கி விழுந்தா ‘காலை சாப்பிடவில்லை’. கை மரத்துப்போனா ‘உடல் பலவீனம்’. ஒரே லைன்ல இருந்து ஒரே வாரத்துல ஏழு பொண்ணுங்க யூரின் எரிச்சல்னு வந்தாங்க. தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணும், போனா டார்கெட் போயிடும்னு குடிக்கிறதே இல்ல. அத எந்தக் கட்டத்துல எழுதறது?”

செவிலியர் கல்வி பற்றி நான் கேட்டதிலேயே கூர்மையான கேள்வி இது. இதற்கு எந்தத் தேர்வுத் தாளிலும் இடமில்லை.

இது ஓர் ஆலையின் கதை மட்டுமல்ல. தமிழக ஆயத்த ஆடை ஆலைகளில் மாதவிடாய் வலிக்குப் பெயர், காலாவதித் தேதி எதுவும் இல்லாத மாத்திரைகள் தரப்படுவதைத் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் சுமார் 100 பெண்களிடம் பேசி 2019இல் வெளிக்கொண்டு வந்தார்கள். வலி மறைய வேண்டும், வேலை நிற்கக் கூடாது என்பதே அந்த மாத்திரையின் நோக்கம். 2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே, நம் மாவட்ட எல்லைக்குள், ஃபாக்ஸ்கான் தொழிலாளர் விடுதியில் உணவு நஞ்சாகி 159 பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். உடன் இருந்தவர்கள் செத்துவிட்டார்கள் என்று வதந்தி பரவியது. பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தார்கள். தோழி எங்கே, எப்படி இருக்கிறாள் என்று அவர்கள் நம்பும் ஒருவர் சரியான நேரத்தில் சொல்லியிருந்தால் அந்த இரவு வேறு மாதிரி போயிருக்கும். நம்பகமான மருத்துவத் தகவல் தொழிலாளிக்கு உணவைப் போல அவசியம் என்று அந்தச் சாலை மறியல் காட்டியது.

கம்பெனி நர்ஸின் கையில் இருப்பது அந்தத் தகவல். அதனால்தான் அவளுடைய பேனாவைக் கட்டுப்படுத்துகிறார்கள். ‘விசுவாசம்’ என்று விழா மேடையில் கற்றுக்கொண்ட சொல் இங்கே நிர்வாகத்துக்கு விசுவாசம் என்று எளிதாக மாறிவிடுகிறது. அவள் தனியாக எதிர்த்தால் வேலை போகும். ஏஜென்சி வழியாக வந்தவளுக்கு நோட்டீஸ்கூடத் தேவையில்லை. எனவே ‘தைரியமாக எழுது’ என்று வகுப்பறையில் நின்று அறிவுரை சொல்வது நேர்மையல்ல. அந்தக் கட்டத்தை நிரப்பும் உரிமையைச் சட்டத்தில் எப்படிக் கேட்பது, தொழிற்சாலை ஆய்வாளருக்கு எப்படித் தெரிவிப்பது, ஒரே மாதிரி வேலையிலிருக்கும் நர்ஸ்கள் எப்படிச் சேர்வது என்பவை பாடமாக வேண்டும். இப்போதைய பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டரிலேயே பயன்பாட்டுச் சமூகவியல் இருக்கிறது. குடும்பம், திருமணம், சமூகப் பிரச்சினை எல்லாம் அதில் உண்டு. மாணவி நாளைக்கு நிற்கப்போகும் முதலுதவி அறையும், அவள் அம்மா நிற்கும் அசெம்பிளி லைனும் அந்தப் பாடத்துக்குள் வர இடமிருக்கிறது.

2022 ஜனவரியில் திறக்கப்பட்ட 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளில் திருவள்ளூரும் ஒன்று. மாவட்டத்தில் நர்சிங் கல்லூரிகளும் பெருகியிருக்கின்றன. வரும் ஆண்டுகளில் ஆலைத் தொழிலாளர் வீடுகளிலிருந்து நிறையப் பெண்கள் இந்தப் பட்டத்தை வாங்கப் போகிறார்கள். அவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். பாடநூலோ உறுதிமொழியோ பணி நியமனக் கடிதமோ கைக்கு வந்தால், உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கும் முன் தலைப்பைப் படியுங்கள். அந்தத் தலைப்பை யார் எழுதினார்கள், அதனால் யாருக்கு இலாபம் என்று பக்கத்திலிருப்பவளிடம் சத்தமாகக் கேளுங்கள். அவளும் அதையே யோசித்துக்கொண்டிருப்பாள்.